மாஸ்டர் தலைக்கு ஒரு ஹெல்மெட்

குதிரைச் சவாரிப் பள்ளியில் ஹெல்மெட் அறையைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லாரும் தொப்பியறை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அந்த வேலைக்கு வரும் முன்னால் பதினாறு வருஷம் ஒரு செருப்புக் கடையில் நின்றவள். கடைக்காரர் அவளுடைய அப்பாவின் சித்தப்பா மகளைக் கட்டியவர். அவர் கண்ணை மூடியதும் மகன்கள் கடையை மூடினார்கள். அந்த வீட்டு மருமகளுக்குப் பெரியப்பா முறை ஆனவர்தான் சவாரிப் பள்ளியின் பழைய முதலாளி. கால் அளவு தெரிந்தவளுக்குத் தலை அளவு தெரியாதா என்று அவர் கேட்டாராம், வேலை கொடுத்துவிட்டாராம்.

அது சும்மா சொன்ன பேச்சு இல்லை என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. அறைக்குள் நுழைகிற ஆளை வாசலிலேயே ஒரு பார்வை பார்ப்பாள். நெற்றி எப்படி, பின்மண்டை எப்படி, கொண்டை போட்டிருக்கிறாளா, பின்னலா என்று பார்த்துவிட்டு அலமாரியில் கை வைத்தால் முதல் ஹெல்மெட்டே பொருந்தும். பொருந்தினாலும் விடமாட்டாள். வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல்வாள். தலையோடு ஹெல்மெட் போகவேண்டும், புருவமும் அதோடு கொஞ்சம் அசையவேண்டும். ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போனால் கழற்று. அப்புறம் தாடைக்கும் வாருக்கும் நடுவே தன் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாள். இரண்டு விரல் போனால் இன்னொரு துளை இறுக்குவாள். மூச்சு முட்டுகிறது என்று சொல்கிறவர்களிடம், மூச்சு முட்டுகிறவர் இவ்வளவு பேசமாட்டார் என்பாள்.

குதிரையிலிருந்து விழுந்தவர்கள் யாராக இருந்தாலும் அன்றைக்கே அவளிடம் வந்து சொல்லவேண்டும். விழுந்த ஹெல்மெட் வெளியே ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கெட்டி நுரை ஒரு அடி வாங்கினால் நசுங்கிவிடும், மறுபடி எழாது. அடுத்த அடியை அது தாங்காது, தலைதான் தாங்கவேண்டும். அதனால் விழுந்த ஹெல்மெட்டின் வாரைக் கத்தரித்து, அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துத்தான் குப்பையில் போடுவாள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கழுவி மாட்டிக்கொள்வார்களே என்ற பயம். பழைய முதலாளி இருந்தவரை இதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குப் பின் வந்த இளைய மகள், எல்லாருக்கும் முதலாளியம்மா, ரம்பச் சத்தம் கேட்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்.

இவ்வளவு கறாரான அக்காவிடம் பதினொரு வருஷமாகப் பிடி கொடுக்காத தலை ஒன்று இருந்தது. அது மாஸ்டருடைய தலை.

மாஸ்டர் அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகச் சவாரி சொல்லிக் கொடுக்கிறவர். ஒல்லியான உடம்பு, நீளக் கால், குதிரையின் மேல் உட்கார்ந்தால் குதிரையோடு பிறந்தவர் மாதிரி இருப்பார். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஹெல்மெட் என்று சொன்னால் மட்டும் முகம் கல்லாகிவிடும். எனக்கு அது பிடிக்காது என்பார், பேச்சு முடிந்தது. பழைய முதலாளியும் விட்டுவிட்டார். மாஸ்டர் போடாததைப் பார்த்து மாணவர்களும் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனதும் வாரை அவிழ்த்துவிட ஆரம்பித்தார்கள். அதில் முதல் ஆள் பல் டாக்டரம்மா. நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுச் சவாரி கற்க வந்தவர். அக்கா கண்டித்தால், மாஸ்டரே போடலையே அக்கா, என்னை மட்டும் ஏன் கண்ணில் விரலை விட்டு ஆட்டுறீங்க என்பார். அக்கா அவர் வாரை இன்னொரு துளை இறுக்கி அனுப்புவாள்.

ஒரு நாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பள்ளியில் குதிரை ஏறுகிறவர் யாராக இருந்தாலும் ஹெல்மெட் போடவேண்டும், கற்பவர் மட்டும் இல்லை, கற்பிக்கிறவரும். அடுத்த மாதம் ஆள் வந்து பார்ப்பார். முதலாளியம்மா மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். மாஸ்டர் கேட்டுக்கொண்டார். சரி, மாதக் கடைசியில் நான் நின்றுகொள்கிறேன் என்று எப்போதும் பேசுகிற அதே குரலில் சொல்லிவிட்டு லாயத்துக்குப் போய்விட்டார்.

பள்ளியே ஆடிப்போனது. மாஸ்டர் இல்லாமல் பள்ளி ஏது? பத்தில் எட்டுப் பேர் அவருக்காக வருகிறவர்கள். குதிரைகளைக் கவனிக்கிற லாயக்காரர் இரண்டு நாள் மாஸ்டர் பின்னாலேயே சுற்றினார். வீம்பு பிடித்த மனுஷன் என்றார் முதலாளியம்மா. அக்காவும் அப்படித்தான் பதினொரு வருஷமாக நினைத்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. மேல் தட்டில் பெரிய அளவு ஹெல்மெட்டுகள் ஆறு இருக்கும். சனிக்கிழமை அவள் வைத்துப் போன வரிசை மாறியிருந்தது. ஆறிலும் வார் கடைசித் துளை வரைக்கும் நீட்டிவிடப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. அன்றைக்குக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வருகிற மாஸ்டரிடம் மட்டும்தான் சாவி இருக்கும். அக்கா ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள், குடிக்கக் கொடுப்பதுபோல. மாஸ்டர் வெயிலுக்குப் போடுகிற துணித் தொப்பியைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தபோது நெற்றியில் தோல் உரிந்து சிவப்பாக ஒரு கோடு, பட்டையாக, அழுத்தின தடம்.

அக்காவுக்குச் செருப்புக் கடை ஞாபகம் வந்தது. கால் பெரிதாக இருக்கிற பெண்கள் வருவார்கள். அளவு சொல்லக் கூச்சப்பட்டு, இந்த மாடல் எனக்குப் பிடிக்கலை, அந்த நிறம் பிடிக்கலை என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் பொருந்தவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இது தெரிந்தவளுக்கு மாஸ்டர் விஷயத்தில் மட்டும் பதினொரு வருஷம் புத்தி வேலை செய்யவில்லை. அதுவும் அவள் வீட்டிலேயே அந்தத் தலை இருந்தது. அவளுடைய அம்மாவின் மூத்த தம்பி, பெரிய மாமா. அவருக்கு ஜிப்பா தைக்க வருகிற தையல்காரர் முதலில் தலையைத்தான் அளப்பார், கழுத்து வழியாக நுழையவேண்டுமே. இரண்டு அத்தைகளும் அந்தத் தலையை வைத்துப் பண்ணாத கேலி இல்லை. மாமா சிரித்துக்கொண்டே இருப்பார். ஆனால் அவர் ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை.

பொருந்தவில்லை, அவ்வளவுதானே என்று அக்கா நினைத்தாள். மனுஷனைக் கூச்சப்படுத்தாமல் பொருத்திக் கொடுத்துவிட்டால் அவர் ஏன் போகப்போகிறார்? அங்கேதான் அவள் தப்பு செய்தாள்.

இருப்பதிலேயே பெரிய ஹெல்மெட்டை எடுத்தாள். உள் துணியைப் பிரித்தாள். கூரான கரண்டியால் முன்பக்கமும் பின்பக்கமும் நுரையை ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எடுத்தாள், உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினாள், துணியைத் திரும்ப வைத்துத் தைத்தாள். விழுந்த ஹெல்மெட்டை ரம்பத்தால் அறுக்கிற அதே கை. சும்மா இருக்கிற தலைக்கு இது மேல் அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மாஸ்டரிடம் போய், புதுசா ஒண்ணு வந்திருக்கு அண்ணே, கொஞ்சம் பெருசு, யாருக்கும் சேரலை, சும்மா போட்டுப் பாருங்க என்று எங்கேயோ பார்த்தபடி சொல்லி நீட்டினாள்.

மாஸ்டர் லாயத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார். அரைமணி நேரம் கழித்து அதோடு வெளியே வந்தார். மைதானமே நின்று பார்த்தது. இன்ஷூரன்ஸ் ஆள் வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். மாஸ்டர் மாதக் கடைசியில் நின்றுகொள்ளும் பேச்சை எடுக்கவே இல்லை. முதலாளியம்மா அக்காவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினொரு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். வேறு யாராக இருந்தாலும் உச்சி குளிர்ந்து போயிருக்கும்.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் அறைப்பக்கம் வந்து ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார்.

"இவ்வளவு நாளா பயந்தேம்மா. போட்டா கனமே தெரியல."

எப்படித் தெரியும்? உள்ளே இருக்கவேண்டியதில் பாதி குப்பைத் தொட்டியில் அல்லவா கிடந்தது. அக்கா சிரித்து வைத்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின. சொன்னால் அந்த மனுஷன் இனி எதையும் தலையில் வைக்கமாட்டார், வேலையை விட்டும் போய்விடுவார். சொல்லாவிட்டால், அவர் விழுகிற ஒரு நாளில் தலை உடையும். இருபத்திரண்டு வருஷமாக விழாதவர் எங்கே விழப்போகிறார் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது.

அந்தச் சமயத்தில்தான் சாம்பல் நிறப் பெண் குதிரை வந்தது. யார் கிட்டே போனாலும் முன்காலைத் தூக்கி நிமிர்ந்து நிற்கிற குதிரை. அப்படிப்பட்டதை மாஸ்டர் எப்போதும் பத்துப் பதினைந்து நாள் தரையில் நின்று நீளக் கயிற்றில் பழக்குவார், அப்புறம்தான் ஏறுவார். இதற்கு இரண்டாம் நாளே சேணம் போடச் சொன்னார். அவசரம் வேண்டாமே என்று லாயக்காரர் இழுத்தார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே தலையைத் தட்டினாராம்.

"அதுதான் மேல இருக்கே, என்ன பயம்?"

லாயக்காரர் இதை ஒரு வேடிக்கையாக வந்து அக்காவிடம் சொன்னார்.  ஹெல்மெட் இல்லாமல் இருந்தவரை அந்த மனுஷன் ஜாக்கிரதையாக இருந்தார். அவள் கொடுத்த ஹெல்மெட்டை நம்பித்தான் இன்றைக்குத் துணிகிறார். அறையைப் பூட்டக்கூட இல்லை, கையில் இருந்த துணியோடு மைதானத்துக்கு ஓடினாள்.

மாஸ்டரின் ஒரு கால், ஏறுவதற்கு மிதிக்கிற அங்கவடியில் இருந்தது. அவள் பின்னாலேயே ஓடிவந்த லாயக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். வேலி ஓரம் பல் டாக்டரம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். முதலாளியம்மாவும் அன்றைக்கென்று வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"அண்ணே, ஏறாதீங்க. அந்த ஹெல்மெட்டைக் கழட்டிக் குடுங்க."

மாஸ்டர் காலை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, பதினொரு வருஷமா போடு போடுன்னு உயிரை எடுத்தே. இப்பப் போட்டா கழட்டுங்கிறியா?"

"நான் செஞ்ச வேலை தப்பு அண்ணே. அது ஹெல்மெட்டே இல்ல. உள்ள இருந்ததை நான் சுரண்டிட்டேன்."

அவர் கழற்றிக் கொடுத்தார். அக்கா உள் துணியைக் கிழித்து இழுத்தாள். நுரை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. வெளிப்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், ஓடு உள்ளே போய் வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஏன் சுரண்டினாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதை அந்த மனுஷனை வைத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் சொல்லக்கூடாது என்பதில் மட்டும் அவள் குறியாக இருந்தாள். தப்பு முழுசும் தன்னுடையதாகவே நிற்கட்டும் என்று நின்றாள்.

முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பெனி ஆளுக்குக் காட்டினது இதைத்தானா, என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறாய் என்றார். ஆமாம் என்றாள் அக்கா. உன் வேலையைப் பற்றி நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். மாஸ்டர் குதிரையை லாயக்காரரிடம் விட்டுவிட்டு லாயத்துக்குள் போனார். போன நடையைப் பார்த்தவர்கள், ஆள் பெட்டி கட்டப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள்.

அக்கா அறைக்கு வந்து ரம்பத்தை எடுத்தாள். சுரண்டின ஹெல்மெட்டை அறுத்தாள். இரண்டு பாதியையும் தொட்டியில் போட்டபோது வாசலில் நிழல் விழுந்தது. மாஸ்டர் வந்து, புதுசாகச் சேருகிறவர்கள் உட்கார்கிற முக்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

அவருக்கு இருபது வயதில் குதிரைப்படைப் போலீஸில் சேர ஆசை. ஓட்டத்தில் தேறினார், சவாரியில் முதலாவதாக வந்தார். கடைசியில் சீருடை கொடுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கவைத்தார்கள். தொப்பி கொடுக்கிறவர் இருந்த தொப்பி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டு, எதுவும் இறங்காமல், பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்து, இது சரியா இருக்கு என்றாராம். நூறு பேர் வரிசை சிரித்தது. மாஸ்டர் வாளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுபடி போகவில்லை. வீட்டில் கேட்டதற்கு, போலீஸ் வேலை பிடிக்கலை என்றாராம்.

அக்கா தன் பெரிய மாமாவைப் பற்றிச் சொன்னாள், தையல்காரரைப் பற்றியும் போட்டோவைப் பற்றியும் சொன்னாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவருக்கு ஹெல்மெட் தேவைப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றார்.

"முதல்லயே அளவு எடுத்திருப்பேன் அண்ணே. உங்ககிட்ட கேக்கக் கூசினதுதான் என் தப்பு."

"அப்ப எடு."

நாடாவில் சுற்றளவுதான் தெரியும், தலையின் உருவம் தெரியாது. அக்காவின் தங்கை புருஷன் மின்விசிறி, ரேடியோ பழுது பார்க்கிறவர். அவரிடமிருந்து பற்றவைக்கிற தடித்த ஈயக்கம்பி ஒரு சுருள் வாங்கி வந்தாள். எதுக்கு அக்கா, ரேடியோ ரிப்பேரா என்று அவர் கேட்டாராம். அதைவிடப் பெரிய இடம் என்றாளாம். மறுநாள் மாஸ்டரை உட்காரவைத்து, புருவத்துக்கு மேல், காதுக்கு மேல், பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி அந்தக் கம்பியை வளைத்தாள். ஈயக்கம்பி வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். மெல்லக் கழற்றிப் பழுப்புக் காகிதத்தில் வைத்து உட்புறமாகக் கோடு இழுத்தாள். இழுத்துப் பார்த்தால் அகலம் சாதாரணத் தலைக்கு உள்ளதுதான். முன்னுக்கும் பின்னுக்கும்தான் நீளம், ஒரு படகு மாதிரி. பள்ளியில் இருந்த ஹெல்மெட் எல்லாம் வட்ட வார்ப்பு. எவ்வளவு பெரிதாக எடுத்தாலும் நெற்றியில் இடிக்கும், பக்கத்தில் ஆடும். அளவுக்குச் செய்துகொடுக்கிறவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். அந்தக் காகிதத்தை மடிக்காமல் சுருட்டி அனுப்பிவைத்தாள். ஐந்து வாரம் ஆகும் என்றார்கள்.

முதலாளியம்மா மறுநாள் பேசுவதாகச் சொன்னதைப் பேசத்தான் வந்தார். ஆனால் மாஸ்டர் அவரிடம் முன்னாலேயே போய், என் தலையை அளந்தவள் அவள் ஒருத்திதான், ஹெல்மெட் வந்தால் பார்த்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் இருந்தால் போதும் என்று அவரும் விட்டுவிட்டார். கம்பெனிக்கு உண்மையை எழுதிப் போடுங்கள், மாஸ்டர் ஹெல்மெட் வரும்வரை ஏறமாட்டார் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். அதையும் முனகிக்கொண்டே எழுதினார்.

ஏறமாட்டார் என்று அவள் சொன்னது அவளுடைய நம்பிக்கைதான். மாஸ்டர் அதை நிஜமாக்கினார். இருபத்திரண்டு வருஷமாக ஹெல்மெட் இல்லாமல் ஏறினவர் ஐந்து வாரம் தரையில் நடந்தார். வெயிலில் மைதானத்தின் நடுவில் நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். சாம்பல் குதிரையைக் கயிற்றில் பழக்கினார், அதோடு சேர்ந்து ஓடினார். பள்ளியைப் பார்க்க வெளியாட்கள் வருகிற ஒரு நாளில், போட்டோவுக்கு மட்டும் ஏதாவது ஒன்றைத் தலையில் வைத்து ஐந்து நிமிஷம் ஏறுங்கள் என்று முதலாளியம்மா கெஞ்சியும் ஏறவில்லை.

இரண்டாம் வாரத்தில் பல் டாக்டரம்மா மாணவர்கள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டார், மாஸ்டர் ஏன் குதிரை மேல் ஏறவே இல்லை, முதுகு வலியா என்று. அக்கா அப்போது வேலி ஓரம் ஒருவருக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்தாள். 

மாஸ்டர் தன் தொப்பியைக் கழற்றினார். "என் தலை பெரிய தலை. கடையில விக்கிறது எதுவும் எனக்குப் பத்தாது. எனக்குன்னு செஞ்சு வருது. அது வர்ற வரைக்கும் நான் கீழதான்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா, எனக்கும் இந்த ஹெல்மெட் நெற்றியில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது, அதனால்தான் அவிழ்த்துவிடுகிறேன், சொன்னால் அக்கா திட்டுவாளோ என்று சொல்லவில்லை என்றார். அன்றைக்குச் சாயங்காலம் தொப்பியறை வாசலில் ஆறு பேர் நின்றார்கள். ஒருவருக்குக் காது மடங்குகிறதாம். ஒருவர் முடி கொட்டி வழுக்கையான பிறகும் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தாராம், கேட்க வெட்கமாம். பதினொரு வருஷமாகத் தலையை ஆட்டச் சொல்லி, விரலை விட்டுப் பார்த்தும் இவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டி ஏமாற்றியிருக்கிறார்களே என்று அக்காவுக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சிரிப்பு. ஈயக்கம்பியை எடுத்து ஒவ்வொருவராக உட்காரவைத்தாள்.

மாஸ்டருடைய பெட்டி வந்த வியாழக்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை, தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போயிருந்தாள். பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லி முதலாளியம்மாவும் லாயக்காரரும் மாஸ்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்களாம். அவர் பிரிக்கவில்லை. அன்றைக்கும் தரையிலேயே நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அறையைத் திறக்க அக்கா வந்தபோது, பூட்டின கதவுக்கு வெளியே மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார், கட்டுப் பிரிக்காத பெட்டியைக் கையில் ஏந்தியபடி. அவள் சாவியைத் தேடினாள். அவர், மெதுவா எடும்மா, அவசரம் ஒண்ணும் இல்ல என்றார்.